அக்கா பார்த்த விடியல்

இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியில் அன்று காலை ஆறரை மணியை ஒட்டி நான் கிழக்குப் பக்கக் கூட்டத்துக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மேற்குப் பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரே மலை, ஒரே நேரம். ஆனால் அன்றைய விடியலை முழுசாகப் பார்த்தது அவள்தான். நான்கு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு அது ஆறவில்லை. "பயணம் போகிற வழியில் சூரிய உதயம் பார்க்க நல்ல இடம் ஒன்று சொல்லேன்" என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் கடகடவென்று ஐந்தாறு பெயர் சொல்லிவிடுவேன். இப்போது அப்படி வாய் வருவதில்லை. கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவைத் தாண்டி ஏற ஆரம்பித்தோம். முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போனோம். அதற்கப்புறம் அக்காவின் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஐம்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள், பிறகு முப்பது படிக்கு ஒருமுறை. நான் நின்று நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே பார்த்தால் விளக்குகளின் வரிசை வானத்துக்குள்ளேயே ஏறிப்போவது போல் இருந்தது. "சீக்கிரம் வா அக்கா, விடிஞ்சிரும்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடைசித் தடவை சொன்ன விதம் சரியில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

உச்சியை அடைந்தபோது கிழக்கு நன்றாக வெளுத்திருந்தது. அந்தப் பக்கம் ஐந்தாறு வரிசைக்கு ஆட்கள். "நீ போய்ப் பாருடா. காத்து வேற இப்படி அடிக்குது, நான் இந்தச் சுவரோரமா உட்கார்றேன்" என்றாள். நான் போனேன். எனக்கு முன்னால் இருந்த கைகளெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. இரண்டு தோள்களுக்கு நடுவே, ஒரு குழந்தையின் கம்பளிக் குல்லாய்க்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக "ஆ" என்றது. அடுத்த நிமிடம் அது அரை வட்டம், அதற்கடுத்த நிமிடம் முழு வட்டம். அவ்வளவுதான். இவ்வளவு படி ஏறி வந்ததற்கு ஒழுங்கான படம் ஒன்றாவது வேண்டாமா என்று முன்னால் போக முயன்றேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கால் மணி நேரம் போனது.

திரும்பி வந்தால் அக்கா உட்கார்ந்த இடத்தில் இல்லை. மேற்கு ஓரத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், முட்டி வலியையெல்லாம் மறந்து. "எங்கடா போன? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே போச்சு. இங்க பாரு."

அங்கே ஒரு முக்கோணம் கிடந்தது. கரும் நீலத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல, இரண்டு பக்கமும் நேராக. அதன் அடி எங்கள் காலடியில் தொடங்கிப் பள்ளத்தாக்கு மூடுபனி மேலும், சின்னச் சின்னக் குன்றுகள் மேலும் படர்ந்து, சமவெளியின் கோடியில் கூராக முடிந்தது. மலையின் நிழல். நாங்கள் நின்ற மலையின் நிழல். முக்கோணத்துக்கு வெளியே எல்லாமே இளம் ரோஜா நிறத்தில் விழித்துக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் இன்னும் இரவு இருந்தது. "இப்ப என்ன பார்க்கிற, மொதல்ல பார்த்திருக்கணும்" என்றாள் அக்கா. "நுனி வானத்துல ஒட்டியிருந்துச்சு. தரையில இல்ல, வானத்துல. அப்புறம் மெதுவா இறங்கி வந்துச்சு." நான் பார்த்தது அது தரையில் இறங்கி, எங்களை நோக்கி மெல்லச் சுருங்கி வருவதை. வானத்தில் நின்ற நுனியை நான் பார்க்கவே இல்லை.

நிழலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஊருக்கு வந்ததும் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் என்னை அசரவைத்த விஷயம், அந்த முக்கோணத்துக்கும் மலையின் வடிவத்துக்கும் பெரிய தொடர்பே இல்லை என்பது. சிவனொளிபாதம் கூம்பு போல இருப்பதால்தான் நிழலும் அப்படி விழுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தட்டையான உச்சி கொண்ட மலையின் மேல் நின்று பார்த்தாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். ரயில் தண்டவாளங்கள் தூரத்தில் போய் ஒன்றாகச் சேர்வது போலத் தெரிகின்றன அல்லவா, அதே காரணம்தான். நிழல் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனையில் நின்றுகொண்டு நீளவாக்கில் பார்க்கிறோம். அவ்வளவு தூரத்தில் அதன் இரண்டு ஓரங்களும் ஒரு புள்ளியில் போய்ச் சேர்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் புள்ளி சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஃபூஜி மலையில் நிற்பவர்களும் இதைப் பார்க்கிறார்கள். டெனெரிஃபே தீவில் 3,715 மீட்டர் உயரமுள்ள டெய்டே எரிமலையின் மேல் நிற்பவர்களும் காலையில் அட்லாண்டிக் கடல் மேல் இதே முக்கோணத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அக்கா சொன்ன வானத்து நுனிக்கும் விளக்கம் கிடைத்தது. சிவனொளிபாதம் 2,243 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் நிற்பவருக்கு அடிவானமே கீழே இறங்கிவிடுகிறது, ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. அதனால் கடற்கரையில் நிற்பவரைவிட ஐந்தாறு நிமிடம் முன்பே அவருக்குச் சூரியன் தெரிகிறது. அந்த நேரத்தில் ஒளி நமக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி வருகிறது. அப்படியென்றால் நிழலும் எதிர்ப்பக்கம் மேல்நோக்கித்தான் போகும், காற்றில் மிதக்கும் பனி மேலும் தூசி மேலும் விழும். சூரியன் ஏற ஏற நுனி இறங்கும். அக்கா கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறாள். நான்தான் அன்றைக்கு, வலியில் ஏதோ சொல்கிறாள் என்று அரைகுறையாகத் தலையாட்டினேன்.

இதைவிடப் பெரிய நிழல் ஒன்றும் தினமும் மேற்கில் விழுகிறது. சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், மேற்கு அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை தெரியும். மேகம் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். அது பூமியின் நிழல். நம் முதுகுக்குப் பின்னால் இன்னும் வராத சூரியன், பூமியின் நிழலை எதிர்ப்பக்க வானத்தில் எறிகிறது. அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. வானியலில் அதற்கு வீனஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழில் வீனஸின் ஒட்டியாணம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், வானத்தின் இடுப்பைச் சுற்றி அப்படித்தான் கிடக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் இரண்டு பட்டைகளும் இறங்கும். நீலப்பட்டை அடிவானத்துக்குள் முழுசாக அமிழ்ந்துவிட்டால், முதுகுப் பக்கம் சூரியன் வந்தாயிற்று என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இரண்டு நிமிடம்

சூரியனின் தட்டு வானத்தில் அரை டிகிரிதான். ஒரு மணி நேரத்துக்கு வானம் பதினைந்து டிகிரி திரும்புகிறது. ஆக, நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் முதல் கீற்று தெரிந்ததிலிருந்து முழுவட்டம் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அந்த இரண்டு நிமிடத்திலும் நாம் பார்ப்பது சூரியன் உண்மையில் இருக்கும் இடத்தை இல்லை. காற்று ஒளியை வளைத்து அதைத் தூக்கிக் காட்டுகிறது. தட்டின் அடி அடிவானத்தைத் தொடுவதாக நமக்குத் தெரியும் அந்த நேரத்தில், கணக்குப்படி சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அலாரம் வைத்து, இருட்டில் ஏறி, இடம் பிடித்து, அடுத்தவர் தோளை இடித்துக்கொண்டு நான் துரத்தியது அந்த இரண்டு நிமிடத்தை.

விடியல் என்பது அதைவிட எவ்வளவோ நீளமானது. சூரியன் அடிவானத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே இருக்கும்போதே முதல் வெளுப்பு தொடங்கிவிடுகிறது. ஆறு டிகிரிக்கு வரும்போது முகம் தெரியும், பாதை தெரியும். நம் மொழியிலும் 'கிழக்கு வெளுத்தது' என்கிறோம், 'பொழுது புலர்ந்தது' என்கிறோம், 'பலபலவென்று விடிந்தது' என்கிறோம். இந்தச் சொற்களில் சூரியனைவிட ஒளிதான் முன்னால் நிற்கிறது. அந்தக் கருக்கல் நேரத்தில் தலைக்கு நேர் மேலே வருகிற ஆழ்ந்த நீலம் பகலில் வருகிற நீலம் கிடையாது. பகல் நீலம் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. கருக்கலில் ஒளி வெகுதூரம் சாய்வாக ஓசோன் படலத்தைக் கடந்து வருகிறது, வழியில் ஆரஞ்சும் மஞ்சளும் உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. மேகங்களும் அப்படித்தான். உயரத்தில் பஞ்சைப் பிரித்துப் போட்டது போல இருக்கும் மேகங்கள் சூரியன் வருவதற்குப் பத்திருபது நிமிடம் முன்பு அடியிலிருந்து சிவக்கும். சூரியன் வந்து நிற்கிற நேரத்தில் அவை வெறும் வெள்ளையாகியிருக்கும். "சரியா உதய நேரத்துக்குப் போனோம், ஒண்ணும் விசேஷமா இல்ல" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விசேஷம் முடிந்த பிறகு போனவர்கள்.

எதன் மேல் விழுகிறது?

அந்த மலைக்குப் பிறகு நான் இடம் தேடும் விதமே மாறிவிட்டது. சூரியன் எங்கிருந்து வரும் என்று இப்போது இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதல் ஒளி எதன் மேல் விழும் என்பதுதான் முதல் கேள்வி. இப்படிக் கேட்டுப் பார்த்தால், பெயர் பெற்ற இடங்கள் பலவும் ஏன் பெயர் பெற்றன என்பதே புரிகிறது.

ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் உலூருப் பாறையைப் பாருங்கள். தரையிலிருந்து 348 மீட்டர் உயரம், இரும்பு துருவேறிய சிவப்பு. காலை பார்ப்பதற்கென்று அங்கே அமைத்திருக்கும் இடத்துக்கு அந்த மண்ணின் ஆதிக்குடிகள் தங்கள் மொழியில் தலிங்குரு நியாகுன்ஜாகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணல்மேட்டிலிருந்து பார்ப்பது என்று பொருள். அங்கே போகிறவர்கள் பார்க்கப் போவது பாறையை. சாம்பலாக நிற்கும் பாறைக்குள் யாரோ கனலை ஊதிவிட்டது போல நிறம் ஏறுவதை. சிலியின் டோரஸ் டெல் பைனேயும் இதே கதைதான். கோபுரம் போல எழுந்து நிற்கும் மூன்று கருங்கல் முடிகள், அடியில் ஓர் ஏரி. இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறி வருகிறவர்கள் ஏரிக்கரையில் கோபுரங்களைப் பார்த்து உட்கார்கிறார்கள். கோபுரங்கள் சிவக்கிற அந்தச் சில நிமிடத்துக்காகவே அத்தனை நடை.

எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது துருக்கியின் நெம்ருத் மலை. நான் இன்னும் போகவில்லை, ஆனால் போகவேண்டிய இடங்களில் அது முதலில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் கொம்மகீன் நாட்டு அரசன் முதலாம் அந்தியோக்கஸ், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, உச்சியில் தன் நினைவிடத்தை எழுப்பி, அதன் கிழக்கு மேடையில் கடவுள்களையும் தன்னையும் பெரிய சிலைகளாகக் கிழக்கு நோக்கி உட்காரவைத்தான். தலைகள் எப்போதோ உருண்டு விழுந்து இப்போது காலடியில் நிற்கின்றன. அங்கே சூரியனைப் பார்க்கும் வேலையை அந்தக் கல்முகங்கள் இரண்டாயிரம் வருஷமாகச் செய்துகொண்டிருக்கின்றன. நாம் பார்க்க வேண்டியது, மூக்கு நுனியில் தொடங்கிக் கன்னத்தில் இறங்கும் வெளிச்சத்தை.

கம்போடியாவின் அங்கோர் வாட் இதற்கு நேர் எதிர். அந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் அதன் வாசல் பக்கம் நிற்பவருக்குச் சூரியன் கோயிலுக்குப் பின்னாலிருந்துதான் வரும், கோபுரங்கள் கறுப்பாகவே நிற்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் மட்டும் நடுக்கோபுரத்துக்கு நேர் மேலே எழும். மற்ற நாட்களில் வடக்காகவோ தெற்காகவோ தள்ளித்தான் எழும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், படத்தில் பார்த்தது போல நடுவில் வரவில்லையே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. உதயமாகும் திசை வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பது. ஓர் இடத்துக்குப் போகும் முன் அந்த மாதத்தில் எந்தத் திசை என்று பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை, கட்டாயம் செய்யுங்கள்.

ஒளிக்கும் சூரியனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதற்கு நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்இயர்பியனைச் சொல்ல வேண்டும். வட அட்சம் 78 டிகிரி. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில் அடிவானத்துக்கு மேலே வந்துவிடுகிறது. ஆனால் ஊரைச் சுற்றி மலைகள். அதனால் மார்ச் 8-ஆம் தேதிதான் ஊருக்குள் வெயில் விழுகிறது. நடுவில் மூன்று வாரம், வெயில் மலைமுடிகளில் இருக்கிறது, தெருவில் இல்லை. தலைநிமிர்ந்தால் பொன்னிறம், குனிந்தால் நீலம். மூன்று வாரம் நீளும் ஒரு விடியல். அதை நினைத்துப் பார்க்கவே எனக்குச் சிலிர்க்கிறது.

ஜீப்பின் பின்கண்ணாடி

இதெல்லாம் தெரிந்த பிறகு, அதற்கும் பல வருஷம் முன்னால் டார்ஜிலிங் பக்கம் டைகர் ஹில்லுக்குப் போன ஒரு காலை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நண்பர்களோடு போயிருந்தேன், நான்கு மணிக்கே கிளம்பிய ஜீப். கிழக்கில் அடிவானத்தை ஒட்டித் தடித்த மேகம். நேரமாகியும் ஒன்றும் வரவில்லை. "இன்னிக்கு அவ்வளவுதான்" என்று யாரோ சொல்ல, கூட்டம் கலைந்தது, நாங்களும் இறங்கினோம். இறங்கும் வழியில் ஜீப்பின் பின்கண்ணாடியில், பனி படிந்த கண்ணாடியை நான் கையால் துடைத்த அந்த வட்டத்துக்குள், வடக்கே பொன் நிறத்தில் ஒரு முகடு இரண்டு வளைவு தூரம் வரைக்கும் தெரிந்தது. காஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். நாங்கள் நின்ற இடத்தைவிட ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த முடிக்கு, எங்களுக்கு விடிவதற்குச் சில நிமிடம் முன்பே விடிந்திருக்கும். எங்கள் கண்ணெல்லாம் கிழக்கு மேகத்திலேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு அழகாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி. வீட்டுக்குப் போன் செய்து, "சூரியன் தெரியல, வீணாப் போச்சு" என்றுதான் சொன்னேன். வீணாகப் போனது என்று சொன்ன நாளில் உலகத்தின் மூன்றாவது உயரமான மலை என் எதிரே விடிந்திருக்கிறது.

கிழக்கைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த முதல் கீற்றில் ஏதோ இருக்கிறது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பதில் ஒரு நிஜம் இருக்கிறது, அதை நானும் உணர்ந்திருக்கிறேன். நான் கேட்பது, அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள், முதலில் கொஞ்ச நேரம் மேற்கைப் பாருங்கள், சூரியன் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள் என்பது மட்டும். ஜாவாவின் ப்ரோமோவில் இது நன்றாகத் தெரியும். பெனஞ்சாகன் மேட்டில் நிற்பவர்களுக்குச் சூரியன் இடது பக்கம் வருகிறது, எரிமலைகள் தெற்கே இருக்கின்றன. சூரியன் வந்ததும் பாதிப்பேர் வண்டிக்குப் போய்விடுகிறார்கள். வெளிச்சம் கீழே இருக்கும் பெரிய பள்ளத்துக்குள் இறங்குவதற்கு அதற்கப்புறமும் நேரம் ஆகும். அது இறங்கும்போதுதான் கீழே தேங்கிய மூடுபனி அசையத் தொடங்கும், ஒரு கரையில் ஏறி மறு கரையில் வழியும். தூரத்தில் 3,676 மீட்டர் உயரத்தில் செமேரு அவ்வப்போது ஒரு பொதி புகையை விடும். அந்த நேரத்தில் மேட்டில் உட்கார இடம் தாராளமாக இருக்கும்.

அக்காவிடம் அன்றைய படம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு படம்தான் எடுத்தாள், அதுவும் குளிரில் கை நடுங்கியதில் சற்றுக் கலங்கியிருக்கிறது. கீழ்பாதி இருட்டு, மேல்பாதி இளஞ்சிவப்பு, நடுவே நீல நுனி வானத்துக்குள் நுழைந்து நிற்கிறது. போன மாதம் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இந்த நுனி அப்புறமா தரைக்கு இறங்கி வந்துச்சே, அங்க ஒரு ஊர் இருந்திருக்கும்ல? அந்த ஊர்ல நிக்கிறவங்களுக்கு அந்நேரம் எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

நான் ஒரு தாளை எடுத்து மலையை வரைந்தேன், சூரியனை வரைந்தேன், கோடு போட்டேன். நிழலின் நுனி தொடும் இடத்தில் நிற்பவருக்கு, சூரியன் அந்த நேரத்தில் சரியாக மலையின் உச்சியிலிருந்து எழும். நாம் நின்ற அதே இடத்திலிருந்து, நமக்குப் பின்னாலிருந்து. அக்கா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கோட்டின் ஒரு முனையில் விரலை வைத்தாள், பிறகு மறுமுனையில்.

"அப்ப அடுத்த தடவை நீ மேல ஏறு," என்றாள். "நான் இங்க நிக்கிறேன்."